மூன்றாவது முடக்கு

அப்பா,

போன ஞாயிற்றுக்கிழமை காருக்குப் பெற்றோல் அடித்துக்கொண்டு நின்றபோது அந்த மணம் வந்தது. பழைய மோட்டார்சைக்கிள்கள் வரிசையாகக் கீலோங் வீதியால் போய்க்கொண்டிருந்தன. ஓட்டியவர்கள் எல்லோரும் வயதானவர்கள். தலையில் தோல்தொப்பி, கண்ணில் பெரிய கண்ணாடி. அவர்கள் போய் மறைந்த பிறகும் எரிந்த ஆமணக்கெண்ணெயின் மணம் காற்றில் அப்படியே நின்றது. சிறுவயதில் மூக்கைப் பொத்திக்கொண்டு பேதிக்குக் குடித்த அதே எண்ணெய்தான். சூடான எஞ்சினுக்குள் எரியும்போது அதற்கு ஒரு தித்திப்பு வந்துவிடுகிறது. கையில் பிடித்த குழாயை விட மறந்து நின்றுவிட்டேன். பெற்றோல் வழிந்து சப்பாத்தெல்லாம் நனைந்தது. கடைக்காரர் ஓடிவந்து சுகமில்லையா என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று சொல்லிக் காரில் ஏறினேன். 

நீங்கள் எங்களை விட்டுப் போன பிறகு உங்களோடு நான் இப்படி இருந்து கதைக்கவில்லை. ஒன்று கேட்கவேண்டியிருக்கிறது. அதைக் கேட்கப் பயந்துதான் இவ்வளவு காலமும் பேசாமல் இருந்தேன்.

அம்மாவின் ஆண்டுத்திவசம் முடிந்த கையோடு நீங்கள் எங்களிடம் வந்தீர்கள். அப்போது அவுஸ்திரேலியாவில், இந்த வெரிபீயில் தமிழ் கேட்கவேண்டுமென்றால் நானும் இவரும் சண்டை பிடித்தால்தான் உண்டு. எங்கள் வீடு கடைசி வரிசையில். பின்வேலிக்கு அங்கால் ஒரேயொரு பழைய வீடு, அதற்கப்பால் முட்செடியும் கருங்கல் மதில்களும் காற்றும்தான். நீங்கள் வந்த முதல்நாள் பின்கதவைத் திறந்து அந்த வெளியை நெடுநேரம் பார்த்தீர்கள். "மறைக்க ஒண்டும் இல்லாத இடம், பிள்ளை," என்றீர்கள். மரமில்லாததைச் சொல்கிறீர்கள் என்று நினைத்தேன்.

எந்த வெயிலிலும் முழுக்கைச் சேட்டுத்தான் போடுவீர்கள். இடது முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை தோல் சுருங்கி, உள்ளே கறுப்புக் கறுப்பாகச் சிறுகற்கள் தெரியும் அந்தக் கையை எங்களுக்குக்கூட அதிகம் காட்டியதில்லை. மலாயாவில் ரயில்வேயில் வேலை செய்த காலத்தில் தண்டவாளத்தில் விழுந்தது என்று சொல்லியிருந்தீர்கள். நாங்களும் நம்பியிருந்தோம். பென்சன் எடுத்த கிளாக்கர், காலையில் பேப்பர், பின்னேரம் தேத்தண்ணி, ஒருவரோடும் சத்தமாய்ப் பேசாத மனிதர். எனக்குத் தெரிந்த அப்பா அவ்வளவுதான்.

பின்வீட்டில் கிளிஃப் தனியாக இருந்தார். உங்கள் வயதுதான் இருக்கும். அவர் சிரித்து நான் கண்டதில்லை. ஆனாலும் குப்பை எடுக்கும் நாளில் எங்கள் வாளியையும் சேர்த்து வீதியில் கொண்டுபோய் வைப்பார். அவருடைய தகரக்கொட்டிலுக்குள் என்ன இருக்கிறதென்று எங்களுக்குத் தெரியாது.

ஒருநாள் நான் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது, கொட்டில் பக்கமிருந்து ஓர் எஞ்சின் இருமி இருமிப் பற்றிக்கொண்டது. புகை வேலியைத் தாண்டி வந்தது. கதிரையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த நீங்கள் எழும்பினீர்கள். பேப்பர் காற்றில் பறந்துபோனது உங்களுக்குத் தெரியவில்லை. வேலிக்கம்பியைத் தாண்டி, ஒருவரையும் கேளாமல் அந்த வளவுக்குள் போனீர்கள்.

கொட்டில் வாசலில் நின்றது பழைய போட்டி மோட்டார்சைக்கிள் ஒன்று. அதன் இடப்பக்கத்தில் மூன்றாவது சக்கரத்தோடு ஒரு பலகைத்தட்டு. அதைச் சைட்கார் என்று எல்லோரும் சொல்வார்கள். நீங்கள் பெட்டி என்பீர்கள். நீங்கள் எஞ்சினைப் பார்க்கவேயில்லை. குனிந்து, பெட்டியின் வெளிவிளிம்பில் நிலத்தை முட்டுமாப்போல் கயிறு சுற்றிக் கட்டியிருந்த கைபிடியைத் தொட்டீர்கள். நீங்கள் இருவரும் ஆங்கிலத்தில்தான் கதைத்தீர்கள். பிறகு குசினியில் திருப்பித் திருப்பிச் சொன்னதாலோ என்னவோ, எனக்கு அது உங்கள் தமிழிலேயே மனதில் நிற்கிறது.

"இந்தக் கீழ்ப்பிடியை ஆர் கட்டினது?"

"என்ரை தமையன்," என்றார் கிளிஃப்.

"லெஸ்," என்றீர்கள் நீங்கள்.

கிளிஃப் எண்ணெய்ப்பேணியை மெதுவாகக் கீழே வைத்தார். "நீங்கள் ஆர்?"

"மலாயாவிலை நான்தான் லெஸ்ஸோடை பெட்டியிலை இருந்தனான்."

எஞ்சின் ஓடிக்கொண்டேயிருந்தது. கிளிஃப் கை நீட்டி அதை நிறுத்தினார். கொடியில் என் ஈர விரிப்புகள் படபடக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"குதிச்சவன்," என்றார்.

"ஓம்," என்றீர்கள். "குதிச்சவன். லெஸ் சொல்லித்தான் குதிச்சனான்."

"பொய். நானும் அவனோடை பெட்டியிலை இருந்தவன்தான், இந்த வீதியளிலை. அவன் மலாயாவுக்குப் போகமுன்னம். என்ன நடந்தாலும் பெட்டியை விட்டுப் போகாதை எண்டதைத் தவிர அவன் எனக்கு வேறையொண்டும் சொல்லேல்லை."

பிறகு அவர் வண்டியை உள்ளே தள்ளிக் கதவை இழுத்துச் சாத்தினார். நீங்கள் அந்தச் சாத்திய கதவைப் பார்த்தபடி நின்றீர்கள். நான்தான் வந்து கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன்.

அன்றைக்குத்தான், குசினி மேசையில் இருந்து, என் வாழ்நாளில் முதல்தரமாக நீங்கள் உங்கள் கதையைச் சொன்னீர்கள்.

இரண்டு உலகயுத்தங்களுக்கும் இடைப்பட்ட காலம். லெஸ் ஈயச் சுரங்கத்தில் இயந்திரம் பார்க்க அவுஸ்திரேலியாவிலிருந்து வந்தவன். ரயில்வேக் கந்தோரில் நீங்கள் மெலிந்த இருபத்திரண்டு வயதுப் பெடியன். ஓடும் ரயிலில் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு போவதில் பேர்போனவன். அதைப் பார்த்துத்தான் லெஸ் உங்களைப் பெட்டிக்குக் கேட்டானாம். வெள்ளைக்காரரின் மோட்டார் போட்டிச் சங்கத்துக்கு அது பிடிக்கவில்லை. லெஸ் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"போட்டிக்கெண்டு தனி வீதி இல்லை, பிள்ளை. மாட்டுவண்டில் போற செம்மண் றோட்டுத்தான். அண்டைக்கு மட்டும் கயிறு கட்டி மறிப்பினம். முன்னுக்குப் போறவன்ரை தூசிக்குள்ளை போனால் ஒண்டும் தெரியாது. மரங்களின்ரை உச்சியைப் பாத்து ஓட்டுறது. உச்சி எங்கை வளையுதோ, றோட்டும் அங்கை வளையும் எண்டு நம்பவேணும்."

"பயமில்லையோ அப்பா?"

"பயப்பட நேரம் எங்கை? பெட்டியிலை இருக்கிறவன் சும்மா இருக்கிற ஆள் இல்லை. றோட்டு இடக்கைப் பக்கம் வளையிற முடக்கு வந்தால் வெளியிலை தொங்கவேணும். காது நிலத்திலை உரசுற அளவுக்கு. அந்த நிறையிலைதான் வண்டி திரும்பும். நான் சாயாட்டி, பெட்டி கிளம்பி, வண்டி திரும்பாமல் நேரை போயிடும்."

சொல்லும்போது உங்கள் உடம்பு கதிரையிலேயே இடப்பக்கம் சாய்ந்தது. கோப்பையை எடுத்து அப்பால் வைத்தேன்.

கடைசிப் போட்டியன்று லெஸ்ஸுக்குக் குளிர்காய்ச்சல். கொயினா மருந்தை விழுங்கிவிட்டு வந்திருந்தான். இன்றைக்கு வேண்டாம் என்று நீங்கள் சொன்னீர்கள். அவன் சிரித்தான். றப்பர் தோட்டத்துக்குள் ஓர் இடக்கை முடக்கில் நடுக்கம் வந்து அவனுடைய கை விறைத்துப்போனது.

"நான் வெளியிலை தொங்கிக்கொண்டு நிமிந்து பாக்கிறன், அவன் திருப்பேல்லை. என்னைப் பாத்து 'ஜம்ப்' எண்டான். ஒருக்காத்தான் சொன்னான். நான் குதிச்சன்."

"பிறகு?"

"பிறகு மரம்."

அவன் அசையாமல் கிடந்த பிறகும் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்ததாம். கையின் தோல் உரிந்து போயிருந்த நீங்கள்தான் தவழ்ந்து போய் அதை நிறுத்தினீர்கள். பெட்டியில் இருந்தவன் பயத்தில் பாய்ந்ததால் வண்டி புரண்டது என்று சங்கத்தில் முடிவு சொன்னார்கள்.

"என்னை ஒருத்தரும் கேக்கேல்லை, பிள்ளை," என்றீர்கள். அதில் கோபம் இருக்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கமுடியாமல் இருந்தது.

அதன்பிறகு சில கிழமைகள் போயின. நல்ல கோடை. வடக்கிலிருந்து சூட்டுக்காற்று, எங்கேயோ புல் எரியும் மணம். கிளிஃப் எங்கள் குப்பைவாளியை எடுப்பதை நிறுத்திவிட்டார். ஒருநாள் அடித்த பாம்பொன்றை எங்கள் பக்க வேலிக்கம்பியில் தொங்கவிட்டிருந்தார். இந்த நாட்டுத் தோட்டக்காரர் அப்படித்தான் செய்வார்கள் என்று இவர் சொன்னார். ஆனாலும் அன்று பின்னேரம் உங்களிடம், "மாமா, அந்தாளோடை கவனம். பார்வை சரியில்லை," என்றார்.

பின்னேரங்களில் கொட்டிலுக்குள் எஞ்சின் ஓடும், நிற்கும். மறுபடி ஓடும். நீங்கள் தேத்தண்ணிக் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோய் நிறுத்திக் காது கொடுப்பீர்கள்.

"வால்வை மாத்திப்போட்டார்," என்றீர்கள் ஒருநாள். இன்னொரு நாள், "காத்துக் கூடப் போகுது, அதுதான் இருமுது." நோயாளி ஒருவர் தேறி வருவதைச் சொல்வதுபோல் அதைச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். ஒரு பின்னேரம் அந்தச் சத்தம் தடங்கலில்லாமல் ஒரே சீராகக் கேட்டது. நீங்கள் கோப்பையைக் கீழே வைத்தீர்கள்.

"இனி ஓட்டலாம்," என்றீர்கள்.

இரண்டு நாள் கழித்துக் கிளிஃப் எங்கள் முன்வாசலுக்கு வந்தார். அதுவரை அவர் முன்பக்கம் வந்ததேயில்லை. அந்த வெக்கையில் கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். என்னைத் தாண்டி உங்களைப் பார்த்துத்தான் பேசினார்.

"ஞாயிற்றுக்கிழமை காலமை. பழைய வீதியிலை. பெட்டிக்கு ஆள் வேணும்."

"வாறன்," என்றீர்கள். யோசிக்கவேயில்லை.

அவர் போனதும் நான் கத்தினேன். நான் உங்களோடு அப்படிக் கத்தியது அந்த ஒருநாள்தான்.

"உங்களைக் கொல்லத்தான் அந்தாள் கூப்பிடுது. விளங்கேல்லையோ?"

"இருக்கலாம்."

"பிறகேன் போறியள்?"

நீங்கள் சேட்டுக் கையின் பொத்தானைக் கழற்றிக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தீர்கள். "நான் போகாட்டி, குதிச்சவன் எண்டதுதான் கடைசிச் சொல்லா நிக்கும், பிள்ளை."

பழைய வீதி என்று கிளிஃப் சொன்னது வெளிக்குள்ளே சதுரமாகப் போகும் சிறுகல் போட்ட நாலு கிறவல் வீதிகளை. லெஸ்ஸும் கிளிஃபும் பெடியன்களாக இருந்த காலத்தில் அங்கேதான் போட்டி நடக்குமாம். சனங்கள் லொறிகளில் வந்து மதில்மேல் ஏறியிருந்து பார்ப்பார்களாம். நாலு முடக்கு, நாலும் இடக்கைப் பக்கம். மூன்றாவது முடக்கில் வீதி வெளிப்பக்கம் சரிந்து இறங்கும். அந்தச் சரிவின் முடிவில் ஒரு கருங்கல் மதில். மதிலில் ஓரிடத்தில் கற்கள் மற்றவற்றைப்போல் பாசி படியாமல் வெளிறிக் கிடந்தன. ஏதோ ஒருகாலத்தில் இடிந்து, பிறகு அடுக்கியிருந்தார்கள். எது இடித்தது என்று நான் ஒருவரையும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இவருக்கு வேலை இருந்தது. நீங்கள் குளித்து, திருநீறு பூசி, வெள்ளைச் சேட்டுப் போட்டு, இரண்டு கைகளையும் முழங்கைக்கு மேலே மடித்துவிட்டீர்கள். அந்தக் கையை வெளியே விட்டுக்கொண்டு நீங்கள் வாசலைத் தாண்டியதை அன்றுதான் கண்டேன்.

"நீ வீட்டிலை நில்," என்றீர்கள். "போட்டு வாறன்."

நான் நிற்கவில்லை. நீங்கள் போன கொஞ்சநேரத்தில் செருப்பை மாட்டிக்கொண்டு, முட்செடிக்குள்ளால் வெளியைக் குறுக்கறுத்து நடந்தேன். மூன்றாவது முடக்கின் மதிலுக்குப் பின்னால் போய் நின்றேன். அங்கிருந்து இரண்டு வீதியும் தெரிந்தது. இடையில் நெஞ்சளவுக்குக் கருங்கல் இருந்தது. அதைவிடப் பாதுகாப்பான இடம் இருக்காதென்று நினைத்தேன்.

முதலாவது சுற்று மெதுவாகத்தான் வந்தீர்கள். கிளிஃப் குனிந்து கைபிடிமேல் கிடந்தார். நீங்கள் முழங்காலில் இருந்தீர்கள். முடக்கு வந்ததும் உங்கள் உடம்பு தண்ணீருக்குள் இறங்குவதுபோல் வெளியே இறங்கியது. அறுபத்தைந்து வயது, பிரஷருக்குக் குளிசை போடும் ஆள். மாடிப்படி ஏறினால் நின்று மூச்செடுப்பவர். அவர் எங்கே போனார்? மயிர் காற்றில் கலைந்து பறக்க, வாயை இறுக்கிக்கொண்டு, கன்னம் நிலத்துக்குக் கிட்ட வர, வண்டியைத் திருப்பிக்கொண்டு போனது எனக்குத் தெரியாத ஒருவன். பயத்தின் நடுவிலும் நெஞ்சுக்குள் ஒரு பெருமை வந்தது. அதையும் உங்களுக்குச் சொல்லத்தான் வேண்டும்.

இரண்டாவது சுற்று வேகம். தூசி மதில் உயரத்துக்கு எழும்பி என் தலைக்கு மேலால் போனது. நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

மூன்றாவது சுற்றில், முதல் இரண்டு தரமும் சத்தம் தணிந்த இடத்தில் இந்தமுறை தணியவில்லை.

அது எனக்கு உடனே விளங்கவில்லை. சத்தம் கூடிக்கொண்டே வந்தது. தூசிக்கு முன்னால் வண்டி நேரே மதிலை நோக்கி வந்தது. திரும்பவேண்டிய இடம் வந்தும் முன்சக்கரம் நேராகவே இருந்தது. கிளிஃப் தலையைத் திருப்பி உங்களைப் பார்த்து வாயைத் திறந்தார். நீங்கள் முன்னால் பார்த்தீர்கள். உங்கள் வாயும் திறந்தது. ஒரு சொல்லும் எனக்குக் கேட்கவில்லை. அடுத்த கணம் நீங்கள் பெட்டிக்கு வெளியே விழுந்தீர்கள் என்றே நினைத்தேன். விழவில்லை. அந்தக் கீழ்ப்பிடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு முழு உடம்பையும் வெளியே எறிந்திருந்தீர்கள். பின்சக்கரம் சறுக்கி, வண்டி முனகிக்கொண்டு திரும்பியது. கிறவல் ஆலங்கட்டி மழைபோல் மதிலில் கொட்டியது. ஒரு கல் என் காதோரத்தைக் கிழித்துக்கொண்டு போனது. பிறகு தூசி. பிறகு சத்தமேயில்லை.

"அப்பா!" என்று கூப்பிட்டேன். இன்னொருதரம் கூப்பிடப் பயமாயிருந்தது.

தூசி அடங்கியபோது வண்டி வீதிக்குக் குறுக்கே நின்றது. கிளிஃப் இரண்டு கையாலும் கைபிடியை இறுக்கிப் பிடித்தபடி மதிலை வெறித்துக்கொண்டிருந்தார். நீங்கள் வீதியில் இருந்தீர்கள். சேட்டு இடப்பக்கம் கிழிந்து தொங்கியது. பழைய காயத்தின்மேல் புதிய இரத்தம். மதிலேறிக் குதித்து ஓடிவந்த என்னைப் பார்த்து முதலில் நீங்கள் சொன்னது இதுதான்:

"உன்னை வீட்டிலை நிக்கச் சொன்னனான் எல்லே?"

பிறகு என் காதைப் பார்த்தீர்கள். உங்கள் முகம் சாம்பல்போல் வெளுத்தது. உங்கள் காயத்தை நான் துடைக்க, என் காதை நீங்கள் துடைக்க, மூன்று பேரும் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தே வந்தோம். 

குசினியில் காயத்துக்கு மருந்து போடும்போது கேட்டேன். "அந்தாள் உங்களைப் பாத்து என்ன சொன்னவர்?"

"குதி எண்டார்."

"நீங்கள்?"

"நான் ஒருக்காச் சொல்லுக் கேட்டனான், பிள்ளை. அது போதும். காணும்."

அதை நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! இவருக்குச் சொன்னேன், ஊரில் தம்பிக்கு எழுதினேன். என் அப்பா சொன்ன சொல் என்று நெஞ்சில் பதித்து வைத்திருந்தேன்.

மறுநாள் எங்கள் குப்பைவாளி வீதியில் இருந்தது. கிளிஃப் கொட்டிலைப் பூட்டினார். அதன்பின் அந்த எஞ்சின் சத்தம் கேட்கவில்லை. பின்னேரங்களில் நீங்கள் இருவரும் வேலிக்கு அங்காலும் இங்காலும் கதிரை போட்டு இருப்பீர்கள். பெரும்பாலும் பேசமாட்டீர்கள். நான் புட்டுக் கொடுத்தால் கிளிஃப் கரண்டியால் கிளறிக் கிளறித் தின்பார். எல்லாம் நல்லபடி முடிந்தது என்று நான் நம்பினேன். ஆனால் மூன்றாவது முடக்குப் பக்கம் நீங்களோ அவரோ நடக்கப் போனதில்லை. அந்தத் திசைக்கு முதுகைக் காட்டித்தான் இருவரும் கதிரை போடுவீர்கள்.

அடுத்த வருடக் குளிர்காலத்தில் ஆஸ்பத்திரியில் நீங்கள் கண்ணை மூடினீர்கள். இதயம் களைத்துவிட்டது என்று டொக்டர் சொன்னார். பின்னேரம், வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. உங்கள் கை என் கையில்தான் இருந்தது. தோலுக்குள் அந்தக் கற்கள் விரலுக்குத் தட்டுப்பட்டன.

எரிப்பதற்கு வந்தவர்கள் கொஞ்சப்பேர். நகரத்தின் மறுகரையிலிருந்து இரண்டு மூன்று தமிழ்க் குடும்பங்கள், இவருடைய வேலையிடத்துக்காரர்கள். கிளிஃப் கடைசி வரிசை வாங்கில் இருந்தார். அதே கழுத்துப்பட்டி. எல்லாரும் காருக்குப் போன பிறகு படியடியில் என்னை மறித்தார். அவர் சொன்னதை உங்களிடம் அவர் ஒருநாளும் சொல்லவில்லை என்று நினைக்கிறேன்.

"அண்டைக்கு நான் திரும்பி வாற எண்ணத்தோடை போகேல்லை," என்றார். "மதிலுக்குள்ளை விடத்தான் போனனான். என்னையும் அவரையும்."

தூணைப் பிடித்துக்கொண்டேன். "அப்பாவுக்குத் தெரியுமோ?"

"தெரியும். ஏறமுன்னம் என்ரை முகத்தைப் பாத்தவர். கொஞ்சநேரம் பாத்துப்போட்டு ஏறினவர்."

மழைத்தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே சொன்னார். "மதிலைக் கண்டவுடனை, என்னையறியாமல் 'ஜம்ப்' எண்டு கத்திப்போட்டன். அவராவது தப்பட்டும் எண்டு. அந்தச் சொல்லு என்ரை வாயாலை வந்தாப் பிறகுதான் விளங்கினது, லெஸ்ஸும் இப்பிடித்தான் கத்தியிருப்பான் எண்டு. நாப்பது வருசம் உங்கடை அப்பாவை நான் வெறுத்தது பொய்க்காக."

அவர் தொப்பியைச் சுற்றுவதை நிறுத்தினார்.

"ஆனால் அவர் குதிக்கேல்லை," என்றார். "உங்கடை பாசையிலை ஏதோ கத்தினார். கத்திக்கொண்டு அந்தப் பக்கம் சாஞ்சார். அந்தக் குரலைக் கேட்டுத்தான் என்ரை கை தானாத் திருப்பினது. கனதரம் அவரைக் கேக்க நினைச்சனான். கேக்கேல்லை. அது கடவுளின்ரை பேரோ?"

பிறகு தயங்கித் தயங்கி, தன் நாக்குக்குப் பழக்கமில்லாத அந்தச் சத்தத்தைச் சொன்னார். ஒன்றரை வருடமாக மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார் போல. சிதைந்திருந்தது. இருந்தாலும் எனக்கு உடனே தெரிந்தது.

"பிள்ளை நிக்கிறாள்."

நான் அவருக்கு அதன் அர்த்தத்தைச் சொன்னேன். எந்தப் பிள்ளை என்று கேட்டார். "நான்தான்," என்றேன். "மதிலுக்குப் பின்னாலை." அவர் என் காதோரத் தழும்பைப் பார்த்தார். அந்த ஈரப் படியிலேயே இருந்துவிட்டார். இவர் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போகும்வரை எழும்பவில்லை. அந்த வருடமே வீட்டை விற்றுவிட்டு எங்கேயோ போய்விட்டார்.

அப்பா, ஒருக்காச் சொல்லுக் கேட்டனான், காணும் என்று நீங்கள் சொன்னது எனக்காகச் சொன்னது என்று இப்போது விளங்குகிறது. நான் எங்கே நின்றேன் என்பதை நினைத்து நான் பயப்படக்கூடாது என்று சொன்னது. நான் நம்பிக்கொள்ள ஒரு நல்ல அப்பாவைக் கொடுத்துவிட்டுப் போனீர்கள். நான் கேட்க வந்தது இதுதான். கிளிஃப்பின் முகத்தைப் பார்த்து, தெரிந்துகொண்டுதான் ஏறினீர்கள். நீங்கள் சொன்னபடி நான் வீட்டிலேயே நின்றிருந்தால், அந்த முடக்கில் நீங்கள் சாய்ந்திருப்பீர்களா?

ஆம் என்று நினைக்கும் நாளும் உண்டு. அப்படி நினைக்க முடியாத நாளும் உண்டு. நீங்கள் காணாத என் மகன் பள்ளிக்கூடம் போகும்போது நான் வாசலில் போய் நிற்கிறேன். இவர் வேலைக்குப் போகும்போதும், குளிரோ மழையோ, கார் முடக்கில் திரும்பி மறையும்வரை நிற்கிறேன். "ஏன் நிக்கிறீர், உள்ளை போம்," என்று இவர் கண்ணாடியை இறக்கிச் சொல்வார். நான் அசைவதில்லை. போகிறவர் திரும்பிப் பார்த்தால், ஒருத்தி நிற்பது அவர் கண்ணில் படவேண்டும்.